பூச்சை உடைத்துப் பார்த்த பிறகு: ஒரு நிலநடுக்க மதிப்பீட்டுச் சேவையைப் பற்றி

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பு நிலநடுக்கத்தைத் தாங்குமா என்று அறிய ஒரு கட்டமைப்புப் பொறியியல் நிறுவனத்தை அமர்த்தினோம். அவர்கள் முதன்முதலில் வந்து பார்த்த நாளிலிருந்து திருத்திய இறுதி அறிக்கை கைக்கு வரும்வரை ஏறத்தாழ ஐந்து மாதங்கள் பிடித்தன. குடியிருப்போர் சங்கத்தின் சார்பில் அவர்களுடன் இருந்து பணியைக் கவனிக்கும் பொறுப்பு என்மேல் விழுந்தது. என் தொழில் கணக்குத் தணிக்கை. கான்கிரீட்டைப் பற்றி அதற்கு முன் எனக்குத் தெரிந்ததெல்லாம் அது சாம்பல் நிறத்தில் இருக்கும் என்பதுதான். ஆனால் ஏட்டில் உள்ள சரக்கும் கிடங்கில் உள்ள சரக்கும் ஒன்றுதானா என்று பார்ப்பது தணிக்கையின் பாதி வேலை. அந்தப் பழக்கம் இந்தச் சேவையை எடைபோடுவதற்கு எதிர்பாராமல் உதவியது. நிறுவனத்தின் பெயரை இங்கே சொல்லவில்லை. அவர்கள் எதைச் செய்தார்கள், எதை விட்டார்கள் என்பதுதான் இதே வேலைக்கு ஆள் தேடுபவருக்குப் பயன்படும்.

எங்கள் கட்டடம் கான்கிரீட் தூண்களும் பீம்களும் கொண்ட சட்டக அமைப்பு. தரைத்தளம் முழுவதும் வாகன நிறுத்தம். அங்கே முழு உயரச் சுவர் எதுவும் இல்லை, பெரும்பாலும் தூண்கள் மட்டுமே நிற்கின்றன. அதற்கு மேல் ஐந்து தளங்களில் அறைக்கு அறை செங்கல் சுவர்கள். கட்டி இருபத்தைந்து ஆண்டுகள் கடந்துவிட்டன.

முதல் கட்டம் விரைவுப் பார்வை ஆய்வு. இரண்டு பேர் வந்தார்கள், கட்டடத்தை வெளியிலும் உள்ளேயும் சுற்றிப் பார்த்தார்கள், ஒரு படிவத்தை நிரப்பினார்கள். முக்கால் மணி நேரத்தில் முடிந்தது. அமெரிக்காவின் பேரிடர் மேலாண்மை அமைப்பான ஃபீமா 1988இல் வெளியிட்டு, 2015இல் மூன்றாம் பதிப்பாகத் திருத்திய முறையைத் தழுவிய படிவம் அது. கட்டட வகைக்கு ஓர் அடிப்படை மதிப்பெண் தரப்படும். வடிவ ஒழுங்கின்மை, மண்ணின் தன்மை, கட்டிய காலம் போன்றவற்றுக்காக அதில் கூட்டவோ கழிக்கவோ செய்வார்கள். இறுதி மதிப்பெண் 2 என்றால், அந்த இடத்துக்குக் கருதப்படும் கடும் நிலநடுக்கத்தில் கட்டடம் இடிந்து விழும் வாய்ப்பு ஏறத்தாழ நூற்றில் ஒன்று என்று பொருள். 1 என்றால் பத்தில் ஒன்று. வழக்கமாக 2க்குக் கீழே வந்தால் விரிவான ஆய்வு தேவை என்பார்கள். திறந்த தரைத்தளத்தின் காரணமாகவே எங்கள் மதிப்பெண் அந்தக் கோட்டுக்குக் கீழே போயிற்று.

இந்த முதல் கட்டத்தோடு நிறுத்திக்கொண்டு ‘சான்றிதழ்’ தருவோரும் சந்தையில் இருக்கிறார்கள். எங்களுக்கு வந்த முன்மொழிவுகளில் ஒன்று அப்படிப்பட்டதுதான். பார்வை ஆய்வு ஒரு சல்லடை மட்டுமே. நூற்றுக்கணக்கான கட்டடங்களில் எவற்றை முதலில் ஆராய வேண்டும் என்று பிரிப்பதற்காக உருவானது அது; தனியொரு கட்டடத்துக்குத் தீர்ப்புச் சொல்வதற்காக அன்று. கண்ணால் மட்டும் பார்ப்பதன் எல்லையை நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரம் மிகக் கொடுமையாக அறிந்தது. 2010 செப்டம்பரில் ஏற்பட்ட நிலநடுக்கத்துக்குப் பிறகு அங்கிருந்த சிடிவி என்னும் பலமாடிக் கட்டடம் பார்வையிடப்பட்டுப் பயன்பாட்டுக்கு அனுமதிக்கப்பட்டிருந்தது. 2011 பிப்ரவரி 22 அன்று வந்த 6.3 அளவு நிலநடுக்கத்தில் அது தளத்தின்மேல் தளமாகச் சரிந்தது. அந்த ஒரு கட்டடத்தில் மட்டும் 115 பேர் இறந்தார்கள், நகரம் முழுவதிலும் இறந்தவர்கள் 185 பேர். அந்தத் தூண்களுக்கு வளைந்து தாங்கும் பண்பு போதவில்லை என்பது பின்னர் நடந்த விசாரணையில் வெளிப்பட்டது. அதை வெளியில் நின்று பார்த்து யாரும் கண்டுபிடித்திருக்க முடியாது.

நாங்கள் தேர்ந்தெடுத்த நிறுவனம் தன் மதிப்பைக் காட்டியது இரண்டாம் கட்டத்தில்தான். அவர்கள் முதலில் கேட்டது பழைய கட்டமைப்பு வரைபடங்களை. சங்க அலுவலகப் பரணில் ஒரு குழாய்க்குள் சுருட்டி வைத்திருந்த தாள்கள் கிடைத்தன. பாதி பூச்சி அரித்திருந்தாலும் தூண்களின் விவரப் பட்டியல் தப்பியிருந்தது. அதைப் பார்த்த மூத்த பொறியாளர், “இது என்ன கட்ட நினைத்தார்கள் என்பதற்கான ஆதாரம், என்ன கட்டினார்கள் என்பதை இனிமேல்தான் பார்க்க வேண்டும்” என்றார். தணிக்கையாளனுக்கு இதைவிட இனிமையான வாக்கியம் வேறில்லை.

கம்பி இருக்குமிடத்தைக் காட்டும் மின்காந்தக் கருவியைத் தூண்களின்மேல் உருட்டிச் சென்றார்கள். நீளவாக்குக் கம்பிகளின் எண்ணிக்கை வரைபடத்தோடு ஒத்துப்போயிற்று. அவற்றைச் சுற்றிக் கட்டும் ரிங்குகள்தான் ஒத்துப்போகவில்லை. தூணின் அடியிலும் தலையிலும் ரிங்குகளை நெருக்கமாக, 100 மில்லிமீட்டர் இடைவெளியில் வைக்கச் சொல்லியிருந்தது வரைபடம். கருவியோ 250 மில்லிமீட்டருக்கு ஒன்று என்று காட்டியது. கருவியை நம்பி அங்கேயே முடித்திருக்கலாம். அவர்கள் முடிக்கவில்லை. என் அனுமதியைக் கேட்டு, நான்கு தூண்களின் அடியில் பூச்சையும் மேல் கான்கிரீட்டையும் ஓரடி உயரத்துக்குச் சிறு உளியால் கொத்தி எடுத்தார்கள். உள்ளே ஒரு ரிங்கின் மூலை தெரிந்தது. அதன் முனை 90 பாகை மட்டுமே மடிந்து, தூணின் முகத்தை ஒட்டிப் படுத்திருந்தது. அது 135 பாகை மடிந்து தூணின் உட்பகுதிக்குள் கொக்கி போலச் செருகியிருக்க வேண்டும் என்று பொறியாளர் விரலை வளைத்துக் காட்டினார்.

இந்த 45 பாகை வேறுபாட்டில் என்ன இருக்கிறது என்பதை அவர் அங்கேயே, உளித்தூள் சிதறிக் கிடந்த தரையில் குந்தி அமர்ந்து விளக்கினார். காற்றின் விசையை எதிர்க்கும் கட்டடம் அசையாமல் நின்றால் போதும். நிலநடுக்கத்துக்கு அப்படி வடிவமைப்பது பெரும்பாலான கட்டடங்களுக்குச் சாத்தியமில்லை. கடும் அதிர்வில் எழக்கூடிய முழு விசையின் ஒரு பகுதிக்கு மட்டுமே வடிவமைத்து, மீதியைக் கம்பிகள் இழுபட்டு நீள்வதன் மூலம் கட்டடம் செரித்துக்கொள்ள விடுவதுதான் விதிமுறைகளின் அடிப்படை. அப்படி வளையும்போது தூணின் மேல்தோல் போன்ற கான்கிரீட் உதிர்ந்துவிடும். தோல் உதிர்ந்தபின் 90 பாகைக் கொக்கிக்குப் பிடிமானம் இல்லை; ரிங் திறந்துகொள்ளும், நெடுங்கம்பிகள் வெளிப்புறமாகப் பிதுங்கும், உள்ளிருக்கும் கான்கிரீட் நொறுங்கிக் கொட்டும். 135 பாகைக் கொக்கி உட்கருவைப் பிடித்துக்கொண்டே இருக்கும். 1971இல் கலிபோர்னியாவின் சான் ஃபெர்னாண்டோ நிலநடுக்கத்தில், கட்டிச் சில வாரங்களே ஆன ஆலிவ் வியூ மருத்துவமனையில் இது அப்பட்டமாகத் தெரிந்தது. நெருக்கமான சுருள் கம்பி சுற்றிய தூண்கள் பயங்கரமாகச் சாய்ந்தும் சுமையை விடாமல் நின்றன. தள்ளித் தள்ளி ரிங் கட்டிய மூலைத் தூண்கள் நொறுங்கிப்போயின. ஒரே கட்டடம், ஒரே அதிர்வு.

வலிமையும் வளைந்துகொடுக்கும் தன்மையும் வேறு வேறு என்பதை நான் புரிந்துகொண்டது அன்றுதான். நிலநடுக்க மதிப்பீடு செய்வதாகச் சொல்லும் எந்த நிறுவனத்திடமும் நான் முதலில் கேட்கப்போகும் கேள்வியும் இதிலிருந்தே வருகிறது: எத்தனை தூண்களைத் திறந்து பார்ப்பீர்கள்? ‘கருவியே போதும்’ என்று பதில் வந்தால் நன்றி சொல்லி அனுப்பிவிடலாம், ஏனென்றால் கொக்கியின் கோணத்தை அந்தக் கருவி காட்டாது.

கான்கிரீட்டின் தரத்துக்கான சோதனைகள் வழக்கம்போல நடந்தன. சுத்தியல் போன்ற கருவியால் தட்டி எழும்பும் வீச்சை அளப்பது, மீயொலி அலை கான்கிரீட்டுக்குள் செல்லும் வேகத்தைப் பார்ப்பது, உருளை வடிவில் மாதிரி வெட்டி எடுத்து ஆய்வகத்தில் நசுக்கிப் பார்ப்பது ஆகிய மூன்றும் செய்யப்பட்டன. சுத்தியல் கருவி மேற்பரப்பின் கடினத்தைத்தான் சொல்லும். பழைய கான்கிரீட்டின் மேற்பரப்பு காற்றிலுள்ள கரியமில வாயுவால் இறுகிவிடுவதால், அது உள்ளதைவிட நல்ல செய்தியைச் சொல்லும் அபாயம் உண்டு. வெட்டியெடுத்த உருளையின்மேல், காரத்தன்மை இருந்தால் நிறம் மாறும் ஃபீனால்ஃப்தலீன் கரைசலைத் தெளித்தபோது உட்பகுதி அடர் இளஞ்சிவப்பாக மாறியது, வெளிவிளிம்பு மட்டும் நிறம் மாறாமல் நின்றது. காரத்தன்மையை இழந்த அந்த நிறமற்ற வளையம் கம்பியின் ஆழத்தைத் தொட்டுவிட்டால் துரு தொடங்கும். எங்கள் கட்டடத்தில் அது இன்னும் தொடவில்லை. ஐந்து மாதங்களில் கிடைத்த ஒரே நல்ல செய்தி இது.

இங்கே ஒரு குறையைச் சொல்ல வேண்டும். மாதிரி எடுத்த துளைகளைச் சுருங்காத சாந்தால் நிரப்புவதாக ஒப்பந்தத்தில் எழுதியிருந்தார்கள். வந்த வேலையாட்கள் சாதாரண சிமெண்ட் கலவையைக் கையால் அப்பிவிட்டுப் போனார்கள். பத்து நாளில் விளிம்பில் விரிசல் விட்டது. புகைப்படம் எடுத்து அனுப்பிய பிறகே மறுபடி வந்து சரிசெய்தார்கள். தூணின் பலத்தைச் சோதிக்க வந்தவர்கள் தூணிலேயே ஓட்டையை விட்டுச் செல்வது சிரிக்கத்தக்கதாக இருந்தாலும், அன்று எங்கள் வீட்டு முதியவர்கள் யாரும் சிரிக்கவில்லை.

அடுத்ததாக, மொட்டைமாடியிலும் ஒவ்வொரு தளத்திலும் நுண்ணிய அதிர்வுமானிகளை வைத்து ஓர் இரவு முழுவதும் பதிவு செய்தார்கள். சாலைப் போக்குவரத்தும் காற்றும் ஏற்படுத்தும், நம் உடலுக்குத் தெரியாத அசைவிலிருந்து கட்டடத்தின் இயல்பான ஊசலாட்ட நேரத்தைக் கணக்கிடும் சோதனை அது. எங்கள் கட்டடம் ஒரு முறை அப்படியும் இப்படியும் ஆட 0.45 விநாடி எடுத்துக்கொள்கிறது என்று வந்தது. இந்த எண் ஏன் முக்கியம் என்பதற்கு 1985 செப்டம்பர் 19 அன்று மெக்சிகோவில் நடந்ததே போதிய விளக்கம். நிலநடுக்கத்தின் மையம் பசிபிக் கரையில், தலைநகரிலிருந்து 350 கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்தது. ஆனால் பழைய ஏரிப்படுகையின் மென்களிமண், வந்த அலைகளில் ஏறத்தாழ 2 விநாடி ஊசலாட்டம் கொண்டவற்றைப் பெருக்கியது. அதற்கு அருகான ஊசலாட்டம் கொண்ட நடுத்தர உயரக் கட்டடங்கள் கொத்துக் கொத்தாக விழுந்தன. பக்கத்திலேயே குட்டையான பல கட்டடங்கள் பெரிய சேதமின்றி நின்றன. ஆகவே மண்ணைக் கேட்காமல் கட்டடத்தை மட்டும் கேட்கும் மதிப்பீடு பாதி மதிப்பீடுதான். எங்கள் நிறுவனம் மண்ணிலும் அலைவேகச் சோதனை நடத்தியது. எங்கள் நிலம் ஓரளவு கெட்டியானது.

அந்த 0.45 விநாடி இன்னொரு விதத்திலும் பயன்பட்டது. கணினி மாதிரியில் தூண்களையும் பீம்களையும் மட்டும் வைத்துக் கணக்கிட்டபோது 0.9 விநாடி என்று வந்திருந்தது. ஏட்டுக்கும் இருப்புக்கும் இரண்டு மடங்கு வேறுபாடு! செங்கல் சுவர்களை வெறும் எடையாக மட்டும் மாதிரியில் ஏற்றியதுதான் காரணம். உண்மையில் மேல்தளச் சுவர்கள் சட்டகத்தோடு சேர்ந்து விறைப்பைக் கூட்டுகின்றன. மாதிரியைத் திருத்திச் சுவர்களை மூலைவிட்டத் தாங்கிகளாகச் சேர்த்ததும் எண்கள் நெருங்கி வந்தன. திருத்திய மாதிரி சொன்ன சேதி கசப்பானது: மேல் ஐந்து தளங்கள் ஒரே பெட்டிபோல விறைப்பாக நகர, ஏறத்தாழ மொத்த அசைவும் சுவரில்லாத தரைத்தளத் தூண்களின்மேல் விழுகிறது. 2001 ஜனவரி 26 அன்று குஜராத்தின் புஜ் பகுதியை உலுக்கிய நிலநடுக்கத்தில், மையத்திலிருந்து 200 கிலோமீட்டருக்கும் அப்பாலிருந்த அகமதாபாத்தில் பல அடுக்குமாடிகள் விழுந்தது இந்தத் திறந்த தரைத்தள அமைப்பால்தான். 1994இல் கலிபோர்னியாவின் நார்த்ரிட்ஜில் ஏற்பட்ட நிலநடுக்கத்தில், கீழ்த்தள வாகன நிறுத்தம் கொண்ட ஒரு மரச்சட்டகக் குடியிருப்பில் 16 பேர் இறந்ததும் அவ்வாறே. கட்டுமானப் பொருள் வேறாக இருந்தாலும் கோளாறு ஒன்றுதான். வரைபடத்தை மட்டும் நம்பிய முதல் மாதிரியில் இந்தக் கோளாறு மங்கலாகவே தெரிந்தது. கட்டடத்தை அளந்து மாதிரியைத் திருத்தியதற்காக இந்த நிறுவனத்துக்கு முழு மதிப்பெண் தருகிறேன்.

அறிக்கைக்கு அப்படித் தர முடியவில்லை. 180 பக்கங்களில் 140 பக்கங்கள் மென்பொருள் கக்கிய அட்டவணைகள். தாங்க வேண்டிய விசைக்கும் தாங்கும் திறனுக்குமான விகிதம் தூண்தூணாக அச்சிடப்பட்டிருந்தது. 1க்கு மேல் போனவை சிவப்பில் இருந்தன. ஆனால் 1.1 உள்ள தூணும் 2.3 உள்ள தூணும் ஒரே சிவப்பு. ரிங் பிடிமானமில்லாத தூணில் 1.1 என்பது, நன்கு கட்டிய பீமில் 2 என்பதைவிட அபாயகரமானதாக இருக்கலாம் என்ற, அவர்களே எங்களுக்குக் கற்றுக்கொடுத்த உண்மை அந்த அட்டவணையில் எங்கும் இல்லை. எந்த இலக்கை வைத்து மதிப்பிட்டார்கள் என்பதும் 97ஆம் பக்கத்தின் அடியில் ஒரே வரியாக ஒளிந்திருந்தது. கட்டடம் அதிர்வுக்குப் பின் உடனே பயன்பட வேண்டுமா, உயிர்கள் காக்கப்பட்டால் போதுமா, விழாமல் மட்டும் நின்றால் போதுமா என்ற மூன்றும் வெவ்வேறு இலக்குகள். அவற்றுக்கு ஆகும் வேலையும் வெவ்வேறு. நாங்கள் நடுவில் உள்ளதைத்தான் தேர்ந்தெடுத்திருப்போம், ஆனால் தேர்ந்தெடுக்கும் உரிமை எங்களுக்கு இருக்கிறது என்பதையே அறிக்கை வந்த பிறகுதான் அறிந்தோம்.

முதல் வரைவில் பிழையும் இருந்தது. மொட்டைமாடியில் பின்னர் கட்டிய தண்ணீர்த் தொட்டி கணக்கில் சேரவில்லை. கட்டடத்தின் உச்சியில் இருக்கும் எடை உச்ச அசைவைப் பெறும் என்பதால் இது சிறிய விடுபடல் அல்ல. நாங்கள் சுட்டிக்காட்டியதும் ஒப்புக்கொண்டு, மறுகணக்கிட்டுத் தந்தார்கள், சாக்குப்போக்குச் சொல்லவில்லை. விளக்கக் கூட்டத்துக்கு வந்த இளம்பொறியாளர் ஒருவர், அறிக்கையை மூடி வைத்துவிட்டு வெள்ளைத்தாளில் கட்டடத்தைப் படமாக வரைந்து, எது முதலில் உடையும், அடுத்து எது உடையும் என்று பென்சிலால் எண்ணிட்டுக் காட்டினார். அந்த ஒரு தாள்தான் இப்போது எங்கள் அலுவலகச் சுவரில் ஒட்டியிருக்கிறது.

அவர் முதலாம் எண்ணை இட்ட இடம் எல்லோரையும் வியக்கவைத்தது. வாகன நிறுத்தத்தின் பின்புறம், காற்றோட்டத்துக்காக மேலே திறந்துவிட்டு இரண்டு தூண்களுக்கு நடுவில் இடுப்பளவுக்கு ஒரு சுவர் எழுப்பியிருக்கிறார்கள். அந்தச் சுவர் தூணின் கீழ்ப்பாதியை இறுகப் பிடித்துக்கொள்வதால், அசைய வேண்டிய முழு அசைவையும் மேல்பாதி மட்டுமே தாங்க வேண்டியிருக்கிறது. உயரம் பாதியானால் விறைப்பு எட்டு மடங்காகும்; விறைப்பான தூண் விசையைத் தன்பக்கம் இழுத்துக்கொண்டு குறுக்காக வெடித்துப் பிளக்கும். குறுந்தூண் விளைவு என்று இதைச் சொல்கிறார்கள். பரிகாரமோ எளியது: சுவருக்கும் தூணுக்கும் இடையே போதிய இடைவெளியை வெட்டி, நெகிழும் பொருளால் அடைத்து, சுவர் சாயாமல் தனியே பிடிப்புக் கொடுத்துவிட வேண்டும்.

பெரிய வலுவூட்டலுக்கு மூன்று வழிகளைப் பரிந்துரைத்தார்கள்: தரைத்தளத் தூண்களுக்குப் புதிய கான்கிரீட் உறை, சில தூண்களுக்கு இடையே கான்கிரீட் சுவர், அல்லது எஃகுக் குறுக்குத் தாங்கிகள். எதைச் செய்யும்போது வீட்டில் தங்கியிருக்கலாம், எதற்கு எத்தனை வாகன இடங்கள் போகும் என்ற ஒப்பீடு இல்லாதது பெருங்குறை. அதைவிடப் பெரியது அஸ்திவாரம் பற்றிய மௌனம். புதிய சுவர் எழுப்பினால் அது விசையைத் தன்னிடம் குவித்து நேராகக் கீழே அனுப்பும். அங்கே அந்தக் கவிழ்ப்பு விசையைத் தாங்க ஏதாவது இருக்க வேண்டும். அவர்கள் தோண்டிப் பார்த்தது ஒரே ஒரு குழி. மற்ற அஸ்திவாரங்கள் வரைபடத்தில் உள்ளபடியே இருக்கும் என்று எடுத்துக்கொண்டதாக எழுதியிருக்கிறார்கள். ரிங்குகள் விஷயத்தில் வரைபடத்தின் நாணயம் எப்படிப்பட்டது என்று கண்டவர்கள் இப்படி எழுதியது எனக்கு விளங்கவில்லை.

மொத்தத்தில் கள ஆய்வுக்கு ஐந்தில் ஐந்து, பகுப்பாய்வுக்கு நான்கு, அறிக்கைக்கு இரண்டு. மறுபடியும் அமர்த்துவேனா என்றால், அமர்த்துவேன். ஆனால் மதிப்பீட்டு இலக்கு, திறந்து பார்க்கும் தூண்களின் எண்ணிக்கை, அஸ்திவாரக் குழிகளின் எண்ணிக்கை, துளை அடைக்கும் பொருள், விளக்கக் கூட்டம் ஆகிய ஐந்தையும் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிக்கொள்வேன். கணக்கீட்டைத் தொடர்பில்லாத இன்னொரு பொறியாளரிடம் சரிபார்க்கக் கொடுப்பேன். இந்த முறை அதைச் செய்யத் தவறியது எங்கள் பிழை. இடுப்பளவுச் சுவருக்கும் தூண்களுக்கும் இடையே இடைவெளி வெட்டும் வேலை போன வாரம் முடிந்தது. மேலும் மூன்று குழிகள் தோண்ட அந்த நிறுவனத்தையே அழைத்திருக்கிறோம். முதல் குழி, அந்தச் சுவரை ஒட்டிய மூலைத் தூணின் அடியில்.